சோதனைக் கொள்முதல்

அத்தை சர்க்கரைப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கூடத்துக் கட்டிலில் கிடந்த அப்பா, பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக, அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

"சாவு வீட்டுல டீ போட நான் கடைக்கு ஓடணும். பொட்டுச் சர்க்கரை இல்லாத வீட்டை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். எட்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து உடல் வந்தது. எட்டரைக்கு அத்தை வந்தாள். ஒன்பதுக்குள் சமையலறை கைமாறிவிட்டது.

"வேண்டாம்னது உங்க தம்பி, அண்ணி" என்றாள் அம்மா.

"அவன் ஆயிரம் சொல்வான். நீ பெரிய இவ மாதிரி அதைப் புடிச்சுக்கிட்டு நடத்துவியா? நாக்குக்கு ஒண்ணும் குடுக்காம காயப்போட்டே கொன்னுட்டீங்க."

"நுரையீரல்ல கட்டி அண்ணி."

"அதெல்லாம் சாக்கு."

சின்னவன் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். இருபத்தொரு வயதாகியும் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். கடைசியாக வந்த ரிப்போர்ட்டில் அப்பாவுக்கு உருப்படியாக இருந்தது சர்க்கரை அளவு ஒன்றுதான். அதை அத்தையிடம் சொல்லலாமா என்று யோசித்தான். செத்தவருக்குச் சர்க்கரை நார்மல் என்பது ஒரு வாதமாக எடுபடாது என்று தோன்றியதால், தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

அங்கே கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அப்பா எடை அளவை அலுவலகத்தில் ஆய்வாளர். ஏதோ வீட்டுக்காரி அனுப்பிவைத்த ஆள் போலக் கடைக்குப் போய் ஒரு கிலோ அரிசி வாங்குவார். வாங்கி முடித்ததும் பையிலிருந்து அடையாள அட்டையும் சொந்தத் தராசும் வெளியே வரும். அலுவலகத்தில் அதற்குச் சோதனைக் கொள்முதல் என்று பெயர். கடைக்காரர்கள் வைத்திருந்த பெயரை அச்சில் போட முடியாது. இருவரில் வயதானவர் கட்டிலருகே குனிந்து அப்பாவின் முகத்தைத் தேவைக்கு அதிகமான நேரம் பார்த்தார். எழுந்து அட்டையை நீட்டிவிடுவாரோ என்ற சந்தேகம் அவருக்கு முழுதாகத் தீரவில்லை. டீயை வாங்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் டாக்டர் 'சுகர் எல்லையில நிக்குது' என்று சொன்ன அன்றே அப்பா சர்க்கரையை விட்டார். விட்டவர் சும்மா இருந்திருக்கலாம். கல்யாணம், பிறந்தநாள், யாராவது பணி ஓய்வு பெறும் விழா, எங்கே எவர் வாயைத் திறந்தாலும் பக்கத்தில் போய் நின்று, "அதுல எத்தனை ஸ்பூன் இருக்குன்னு தெரியுமா?" என்பார். அத்தையின் பேரனுக்கு முதல் பிறந்தநாள். கேக் வெட்டும் கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் பேசினார். மெழுகுவர்த்தி உருகிக் கேக்கில் வழிந்தது. குழந்தை அழுதது. அத்தை மூன்று வருடம் பேச்சை நிறுத்தினாள்.

வீட்டில் வேறு முறை. தொழிலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "சின்னவனே, ரிசல்ட் வந்திருக்கு. போனாப் போகுது, இன்னிக்கு ஒரு நாள், எடுத்துக்கோ" என்று அன்பொழுகச் சாக்லேட்டை நீட்டுவார். கை நீண்டதோ, தீர்ந்தது. "ஃபெயில்!" பிறகு அரை மணி நேர உரை. சின்னவன் ஆறு வருடம் ஃபெயிலானான். அக்கா இரண்டே முறையில் கற்றுக்கொண்டாள். அம்மா ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

அத்தை முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள்.

"டேய், நேத்து பூரா நீதானே அவன்கூட இருந்தே? கடைசியா என்ன கேட்டான்?"

எல்லோரும் டீயை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"ஒண்ணும் கேக்கல அத்தை."

"ஒரு மனுஷன் போறப்ப ஒண்ணுமேவா கேக்காம போவான்? வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுடா."

"தண்ணி கேட்டார்."

"தண்ணி" என்றாள் அத்தை, கூடத்துக்கே சொல்வதுபோல. "கேட்டுக்குங்க. இந்த வீட்டுல அவனால கேக்க முடிஞ்சது அவ்வளவுதான்."

முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம், அப்பா கேட்டது தண்ணீர் இல்லை.

செவ்வாய்க்கிழமையே டாக்டர் படுக்கையருகில் நின்று, "இனிமே அவர் எது கேட்டாலும் குடுங்க" என்று சொல்லியிருந்தார். அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெள்ளிக்கிழமை, ஆக்சிஜன் முகமூடியைச் சற்று விலக்கிக்கொண்டு, "கீழ கேன்டீன்ல கேக் வச்சிருக்கான்டா. ஒரு துண்டு வாங்கிட்டு வா" என்றார். சாக்லேட்டை நீட்டும்போது இருக்கும் அதே குரல்.

சின்னவன் சிரித்தான். "அதுல எத்தனை ஸ்பூன் இருக்குன்னு தெரியுமாப்பா?"

"நெஜமாத்தான்டா."

நெஜமாத்தான் என்பதையும் அப்பா முன்பே பலமுறை பயன்படுத்தியிருக்கிறார். சின்னவன் கையைக் கட்டிக்கொண்டு 'பாஸ்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தான். அப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தோற்றுப் பழக்கமில்லாதவர், அதனால் கோபம் என்று நினைத்துக்கொண்டான். சாயங்காலம் அம்மா வந்து அவனை அனுப்பியபோது, பேருந்தில் ஜன்னலோர இருக்கை வேறு கிடைத்தது. காலை ஆறு மணிக்குத் தொலைபேசி வந்தது.

காலித் தட்டோடு சமையலறைக்குத் திரும்பினான். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து மருத்துவமனைப் பையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சின்னவன் கதவை ஒருக்களித்தான்.

"அம்மா, அத்தைகிட்ட பொய் சொல்லிட்டேன். அப்பா தண்ணி கேக்கல. கேக் கேட்டார். டெஸ்ட்டுன்னு நெனச்சு நான் குடுக்கல."

அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட புதன்கிழமை" என்றாள். "டீயில ஒரே ஒரு ஸ்பூன் போடுன்னார்."

"நீ?"

"எங்கிட்டயேவான்னேன்."

அக்கா பையிலிருந்து எடுத்த சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"வியாழக்கிழமை அந்த நர்ஸ் ஒரு மிட்டாய் குடுத்துட்டுப் போச்சு. பிரிச்சுக் குடுடீன்னார். அவர் கண்ணெதிர்லயே குப்பைக்கூடையில போட்டேன்." மடித்த சட்டையை ஓரமாக வைத்தாள். "கை தட்டுவார்னு நெனச்சேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அந்தச் சமையலறையில் அதற்கு இடம் போதாது, இருந்தாலும் எப்படியோ முடிந்தது.

"மூணு பேரும் உள்ள என்ன மாநாடா நடத்தறீங்க?" கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "வண்டி வந்து நிக்குது. பெத்த புள்ள தூக்க வர்றானா, இல்ல அதுக்கும் ஆள் வைக்கணுமா?"

சின்னவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வண்டி சந்தில் நின்றிருந்தது. அதன் நிழலில் ஓட்டுநர் நின்றுகொண்டு க்ரீம் பன் தின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவரைப் போலப் பெரிய பெரிய கடியாகத் தின்றார். தலையை நிமிர்த்தியவர் ஜன்னலில் முகத்தைக் கண்டதும் சட்டென்று பன்னை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மீசையில் க்ரீம் ஒட்டியிருந்தது.

பரவாயில்லை, சாப்பிடுங்கள் என்று சின்னவன் கையால் சைகை காட்டினான்.

ஓட்டுநர் நம்பவில்லை.

சின்னவன் மறுபடி காட்டினான். ஓட்டுநர் அவனையே பார்த்தபடி, கையை முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.