அம்பிகா மடியில் இருந்த மல்லாட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது வேறு கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இங்கிலாந்துக் கிராமமொன்றில், வயலில் நாலு கிழங்கு பிடுங்கியதற்காகச் சிறைக்குப் போன ஒருத்தியின் கதை. ‘பனி மூடிய வயலில் மேரி குனிந்து’ என்பதோடு நின்றுவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், மொட்டைமாடிக்குப் போய் வந்தேன். மேரி குனிந்தபடியே இருந்தாள்.

அந்த வாரம்தான் விழுப்புரத்தில் எங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்துக்குச் சித்தாள் வேலைக்கு வந்தாள் அம்பிகா. முகையூர்ப் பக்கத்துக்காரி. குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவள் நாலைந்து நாளில் எல்லாவற்றையும் சொன்னாள்.

2

‘அன்று அம்பிகாவின் வீட்டில் அரிசி இல்லை.’

(அடித்துவிட்டேன். அரிசி இருந்தது. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. பசியில் எடுத்தாள் என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி. அவளையே கேட்டேன். “பச்ச மல்லாட்டைய அவிச்சுத் தின்னணும்னு இருந்துச்சு. அவ்ளோதாங்க” என்றாள்.)

பத்து வருடமாகப் பாண்டுரங்கன் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கியவள் அவள். வீட்டுக்குப் போகும்போது பெண்கள் மடியில் இரண்டு கை அள்ளிக்கொள்வார்கள். அவரும் கண்டுகொள்ள மாட்டார். இந்த வருடம் அவருடைய மோட்டார் கொட்டகையில் இரண்டு முறை செம்பு ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆத்திரத்தில் கேமரா மாட்டினார் என்று ஊர் பேசிக்கொண்டது. அதில் ஒயர் திருடன் விழவில்லை. மடியை முடிந்துகொண்டு வரப்பில் நடக்கும் அம்பிகா விழுந்தாள்.

‘இவர்களிடம் ஜாக்கிரதை’ என்ற வரியோடு அந்த வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மதியத்துக்குள் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் தேவயானியின் மாமியார் கைக்குப் போய்விட்டது. மகள் போனில் அழவில்லை. ஒயரையும் நீதான் எடுத்தாயா என்று மட்டும் கேட்டாள். மறுநாளிலிருந்து அம்பிகாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

3

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒயரை அறுத்தவன் யார் என்று அவளுக்கு முன்பே தெரியும். பாண்டுரங்கனின் மகன் மணிமாறன் ஒரு நடுப்பகலில் ஒயரைச் சுருட்டிச் சாக்கில் திணித்து பைக்கில் கட்டுவதைப் பார்த்திருக்கிறாள். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை? (பயம் என்று எழுதினேன். விசுவாசம் என்று மாற்றினேன். இரண்டும் ஒட்டவில்லை.) போன வருடம் அவள் புருஷன் பச்சமுத்துவைப் பாம்பு கடித்தபோது, அதே பைக்கில் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் மணிமாறன். பச்சமுத்து பிழைத்துக்கொண்டான்.

4

வீடியோ வந்த ஐந்தாம் நாள் காலை பாண்டுரங்கன் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடலாம், வேண்டாம் என்று வழியெல்லாம் மனசு மாறிக்கொண்டே இருந்தது. வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மணிமாறன் அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். (அவன் அங்கேயே ஒப்புக்கொள்வதாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. பொய்.)

மல்லாட்டை எடுத்தது நிஜம், ஒயரை எடுத்தவள் நானில்லை என்று குழுவில் ஒரு வார்த்தை போடுங்கள் என்று பாண்டுரங்கனிடம் கேட்டாள். அவர் தோள் துண்டை உதறி மடித்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“யாரு எடுத்ததுன்னு நான் சொல்லட்டுங்களா?”

“வேணாம் அம்பிகா. எனக்குத் தெரியும்.”

“எப்பலேர்ந்துங்க?”

“கேமரா மாட்டறதுக்கு முன்னாலேர்ந்தே.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “யாரு, யாருன்னு ஊருல கேட்டுக்கினே இருந்தாங்க. யாரையாச்சும் காட்ட வேண்டியிருந்துச்சு.”

வீடியோவை எடுத்துவிடுவதாகச் சொன்னார். உள்ளே போய் ஒரு மூட்டை மல்லாட்டையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதைத் தொடாமல் வந்துவிட்டாள்.

5

வீடியோவை எடுத்துவிட்டார். ஒயரைப் பற்றி ஒரு வரியும் போடவில்லை.

நேற்று கைகளில் ஒட்டியிருந்த சிமென்ட்டைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டாள்: “நெசத்தச் சொன்னா எம்பொண்ணு நம்புவா. ஆனா அவ ஊட்டுக்காரரு சும்மா இருக்க மாட்டாரு, அந்த மணிமாறன் புள்ள ஊருல தல காட்ட முடியாது. நீங்க எழுதறவங்கதான, என்னா பண்ணட்டும்?”

(இதை அச்சுக்குக் கொடுத்தால் நானே சொன்னதாகிவிடும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது போதுமா என்று தெரியவில்லை.)

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றைக்கூட அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை, காலை பஸ்ஸில் திண்டிவனம் போகிறாள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள்.