நாலாயிரம் கொக்கி

எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். முதலாளி பெர்த்திலேயின் இரும்புப் பட்டறையில் எல்லோருக்கும் அது தெரியும். என் கொழுந்தியாள் நெய்வாவுக்கு மட்டும் அதில் துளிப் பயமும் கிடையாது. பட்டறை இன்ஜினியரே அவள்தான்.

லாரி கம்பெனி ஒன்று நாலாயிரம் இழுவைக் கொக்கி கேட்டிருந்தது. என் ஹாமரில், அந்தப் பழைய சம்மட்டி மிஷினில், அடித்தால் அது திறந்த அச்சு. மேலும் கீழும் தட்டையான எஃகு, நடுவில் பழுத்த இரும்பைத் திருப்பித் திருப்பிக் கண்ணளவிலேயே உருவம் கொண்டுவந்துவிடுவேன். நெய்வா கேட்டது மூடிய அச்சு. இரண்டு எஃகுக் கட்டைகளில் கொக்கியின் வடிவத்தைக் குடைந்து, பிரஸ்ஸில் ஒரே அமுக்கு.

"அச்சு வந்துட்டா இந்தக் கிழட்டு ஹாமர் எதுக்கு, இல்டோ? எடைக்குப் போட்டுட்டு அந்த இடத்துல இன்னொரு பிரஸ்ஸு வைப்போம்" என்றார் முதலாளி. திங்கட்கிழமை வரச்சொல்லி காயலான் கடைக்காரனுக்கும் போன் செய்துவிட்டார். பத்தொன்பது வருஷம் நானும் அந்த ஹாமரும் ஒன்றாகக் கிடந்திருக்கிறோம். அதை மறித்துக்கொண்டு நின்றேன்.

"பத்து கொக்கி அடிக்கிறேன். பத்தும் ஒரே மாதிரி இருந்தா ஆர்டர் என் ஹாமருக்கு!"

"இல்லேன்னா சனிக்கிழமை மொத்தப் பட்டறைக்கும் நீங்கதான் இறைச்சி சுட்டுப் போடணும், மச்சான்" என்றாள் நெய்வா.

"வீட்டுலயே சாப்பிட்டுட்டு வா. பட்டினி கிடக்கப்போறே."

மறுநாள் காலை மாத்தே டீகூடக் குடிக்காமல் அடித்தேன். நெய்வா ஒரு தகட்டில் கொக்கியின் வடிவத்தை வெட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக அதில் பொருத்திப் பார்த்தாள். ஆறு கொக்கி உட்கார்ந்தது. ஏழாவது முட்டியது.

"தகடு கோணல்!" என்று கத்தினேன்.

"தகடு நேராத்தான் இருக்கு. உங்க மூஞ்சிதான் கோணுது."

பட்டறையே சிரித்தது. பத்தில் நாலு தேறவில்லை. உறுதியில் ஒன்றும் சோடை இல்லைதான். ஆனாலும் நாலாயிரமும் ஒன்றுபோல வேண்டுமென்றால் அவள் சொன்ன வழிதான் சரி. அது எனக்கே புரிந்ததுதான் பெரிய எரிச்சல்.

சனிக்கிழமை அடுப்புக்குமுன் நின்று இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர். கேட்டவர்களிடம் புகை என்றேன். நெய்வா ஒரு வரைபடத்தோடு வந்தாள்.

"என்ன, ஜெயிச்சதைக் கொண்டாட வந்தியா?"

"அச்சுக்கு எஃகுக் கட்டை வேணும், மச்சான். ஒவ்வொண்ணும் கால் டன். நாலு பக்கமும் நல்லா அடிச்சு இறுக்கினாத்தான் பிரஸ்ஸுல வெடிக்காது. சாவோ பாவ்லோவுல கேட்டேன், மூணு மாசம் ஆகுமாம். ஆர்டர் போயிடும்."

"அதுக்கு?"

"ரெண்டு கட்டை. நீங்கதான் உங்க ஹாமர்ல அடிக்கணும். அச்சு தேயத் தேய புதுசும் வேணும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தேன். "எவ்வளவு துல்லியமா வேணும், மகாராணிக்கு?"

"அரை விரல் கனம் கூடுதலாவே இருக்கட்டும். எப்படியும் நான் செதுக்கத்தானே போறேன்."

"முதலாளி!" என்று போட்டேன் ஒரு கத்து. "கேட்டீங்களா?"

அவர் வாய் நிறைய இறைச்சியோடு போனைக் காதில் வைத்தார்.

"திங்கக்கிழமை வராதீங்கப்பா... இல்ல, விலையெல்லாம் பேசாதீங்க. ஹாமருக்கு வேலை இருக்கு."