ஜீனுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

எங்கள் ஊர்க் குன்றின் மேல் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து ஊரை அமைத்த முதற்குடிகளின் வாரிசுகளுக்கு மட்டும்தான் இடம். மற்றவர்களுக்கு நெடுஞ்சாலை ஓரத்துப் புதுக் கல்லறை. மாசசூசெட்ஸ் கடற்கரையில் முந்நூறு வருடமாக அதே ரத்தம், அதே மண் என்று பீற்றிக்கொள்ளும் ஊர் இது. அந்தப் பீற்றலுக்கு அத்தாட்சி தேடிக் கொடுப்பது என் வேலை. யாருடைய பாட்டனுக்குப் பாட்டன் யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

1978-ம் வருடம் ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, வெர்னா ரோவல் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள். அவளுடைய அண்ணன் ஓரின் சிங்கி இறால் பிடித்துப் பிழைத்தவர். நுரையீரலில் புற்று முற்றிப் படுத்திருந்தார். அவருடைய ஒரே மகள் ஜீன் பத்தொன்பது வயதில் கார் விபத்தில் போய், பதினோரு வருடமாகக் குன்றில் கிடந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு குழிக்கான இடம் காலியாக இருந்தது. ஓரின் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஜீனைப் புதைத்தபோது வாய்ச்சொல் போதுமாக இருந்தது. இப்போது கல்லறைக் குழு தலைமுறை தலைமுறையாக அத்தாட்சி கேட்டது. வியாழக்கிழமை கூட்டம்.

"ஜாபெஸ் ரோவல் வழியில வந்தவங்க நாங்க. அவரு நதானியேல் ரோவலோட மகன், அசல் மொதக் குடி. ஊருக்கே தெரியும்டி," என்றாள்.

"ஊருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? பதிவேட்டுல இருக்கணும்."

"இருக்கும், பாரு. ஆனா அண்ணன்கிட்ட எதுவும் கோணலா சொல்லிராத. மூச்சு ஓடறதே அந்த நெனப்புலதான்."

மறுநாள் காலை நகர அலுவலகத்தில் உட்கார்ந்தேன். ஜாபெஸ் இருந்தான். 1731-ல் பிறந்தவன், 1736-ல் தொண்டை அடைப்பானில் செத்துப் போயிருந்தான். நான்கு மாதத்தில் நதானியேலுக்கும் அவன் மனைவி மெர்சிக்கும் இன்னொரு மகன். அவனுக்கும் ஜாபெஸ் என்றே பெயர்.

இது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். செத்த பிள்ளையின் பெயரை அடுத்து வரும் பிள்ளைக்கு வைப்பார்கள். நானே அப்படி வந்தவள்தான். எனக்கு முன்னால் ஒரு ஹல்டா பிறந்து மூன்று மாதத்தில் போய்விட்டாள். என் பெயர் வெட்டிய சின்னக் கல்லுக்கு ஒவ்வொரு மே மாதமும் பூ வைத்து வளர்ந்தேன்.

பட்ட காலிலே படும் என்பார்களே, இரண்டாவது ஜாபெஸும் 1738-ல் அதே நோயில் போனான். அதற்குப் பிறகு நதானியேல் வீட்டில் பிறப்பு எதுவும் பதிவாகவில்லை. அப்படியானால் 1762-ல் இதே ஊரில் கல்யாணம் செய்துகொண்ட ஜாபெஸ் ரோவல் யார்? அதே குடும்பப் பெயரோடு எங்கிருந்தோ வந்தவன் என்று முடிவு கட்டினேன்.

அன்று மாலை சொன்னபோது வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊருல பாத்தியா?"

"எதுக்கு? மொதக் குடிங்க எவனும் இந்த மண்ணை விட்டுப் போனதில்ல. இருபத்தாறு வருஷமா இதே பொழப்புடி எனக்கு."

"ஒரு தடவை போய்ப் பாரேன். உனக்கு என்ன கொறைஞ்சு போகுது?"

"விடிஞ்சா கூட்டம். பனி வேற கொட்டுது."

பனி ஒரு சாக்கு. எனக்குத் தெரியாதது அங்கே என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்புதான் காரணம்.

இடம் இல்லை என்று குழு சொல்லிவிட்டது. ஓரின் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் யாரு வெர்னா?" என்று மட்டும் கேட்டாராம். எட்டாம் நாள் போய்விட்டார். குளிர்காலத்தில் எங்கள் தரை இரும்பாக இறுகிவிடும். அப்போது சாகிறவர்களைக் ஊருக்குப் பொதுவான ஒரு கல் அறையில் வைத்திருந்து, ஏப்ரலில் மண் இளகிய பிறகு புதைப்போம். ஓரினும் அங்கேதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் வேறொரு குடும்பத்துக்காக ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சபையின் ஏட்டைப் புரட்டினேன். 1740: நதானியேல் ரோவலுக்கும் மெர்சிக்கும் பிறந்த ஜாபெஸுக்கு ஞானஸ்நானம். 1761: அதே ஜாபெஸ் எங்கள் ஊர்ச் சபைக்கு மாறிப் போகக் கடிதம். இரண்டு ஜாபெஸைப் புதைத்த ஊரில் மூன்றாவதைப் பெற அந்த மெர்சிக்கு மனம் வரவில்லை போலும். ஆற்றைத் தாண்டிப் போயிருக்கிறாள். போயும், அதே பெயரைத்தான் வைத்திருக்கிறாள்.

நேராகக் குழுத் தலைவர் வீட்டுக்குப் போய், அந்த இரண்டு பதிவையும் எழுதிய தாளில் ஓரினின் இடத்துக்குக் கையெழுத்து வாங்கினேன். மண் இளக இன்னும் மூன்று வாரம் இருந்தது. காரை எப்படி ஓட்டினேன் என்றே தெரியாது.

வெர்னா அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"எடம் கெடச்சிருச்சு வெர்னா! ஜீன் பக்கத்துலயே!"

கையைத் துடைத்துக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தாள்.

"அந்த எடத்துல எதை வைக்கிறது?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நெடுஞ்சாலை ஓரத்துப் புதுக் கல்லறையில அவரை அனாதையா விட மனசு வரல. பிப்ரவரிலயே எரிச்சாச்சு. அவரு படகுலயே போய்ச் சாம்பலக் கடல்ல கொட்டிட்டேன்."

தாளைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஒரு ஹல்டா செத்ததும் உங்கம்மா உனக்கு அதே பேரை வெச்சாங்க. நீயும் செத்திருந்தா?"

"அடுத்தவளுக்கும் ஹல்டான்னுதான் வெச்சிருப்பாங்க."

"அப்ப மூணாவது ஜாபெஸைத் தேடணும்னு உனக்கு ஜனவரில தெரியாதா?"

தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவள் தாளை என் கையிலேயே திணித்துவிட்டு, மிச்ச உருளைக்கிழங்கை எடுத்தாள்.