தையல் வெளிப்பக்கம்

இடது காலுக்குச் சாக்ஸ் ஏற மறுத்தது. ஜெமிமா அப்பாவின் குதிகாலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வெள்ளைத் துணியை இழுத்தாள். விடிகாலையில் குளியலறை வாசலில் விழுந்தவருக்கு எட்டு மணிக்கெல்லாம் கால் குளிர்ந்து கனத்துவிட்டது. சவப்பெட்டிக் கடையில் கையுறையும் சாக்ஸும் ஒரே பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லாக் காலுக்கும் ஒரே அளவு. செத்தவன் என்ன திருப்பிக் கொண்டுவந்து கேட்கவா போகிறான்?

பாதி ஏறியதை அவள் மறுபடி உருவினாள். உட்பக்கம் வெளியே வரும்படி அதைத் திருப்பத் தொடங்கினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" கையுறை மாட்டிக்கொண்டிருந்த சாரம்மாள் அத்தை நிமிர்ந்தாள். செத்துக் கிடப்பவர் அவளுடைய ஒரே அண்ணன்.

"அப்பா இப்படித்தான் போடுவாவ அத்தை. தையல் வெளிய இருக்கும்."

"அது வீட்டுல. இன்னைக்கு ஊரே துட்டி கேக்க வரும். தகப்பனுக்கு சாக்ஸ்கூட நேரா மாட்டத் தெரியல பிள்ளையளுக்குன்னு சொல்லுவாவ. நேராப் போடு."

ஜெமிமா நேராகவே போட்டாள். அத்தையோடு மல்லுக்கு நிற்கிற நேரமா இது? ஆனால் போட்டு முடித்ததும் அந்தக் கால்கள் வேறு யாருடையவோ என்று தோன்றியது.

அப்பாத்துரை பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலாளியாகப் பதினாறு வருடம் நின்றார். ஒரு நாள்கூடச் சாக்ஸை நேராகப் போட்டதில்லை. விரல் நுனியில் ஓடும் தையல் எப்போதும் வெளியே தெரியும். அம்மா சாலோமி ஒவ்வொரு முறையும் துவைத்துக் காயவைத்து, நேராகத் திருப்பி, ஜோடி சேர்த்துச் சுருட்டி வைப்பாள். காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் மறுபடி திருப்புவார். முப்பது வருடமாக இதே கதை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டாளத்தான் கிறுக்கு என்பது வீட்டின் தீர்ப்பு.

ஒன்பது மணிக்குக் குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள். கோயில் மணி அடித்தது. சமாதானபுரத்துச் சந்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்கள். ஜெமிமா குருவானவருக்குப் போன் செய்தாள், கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பினாள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னாள். அழவில்லை. சாரம்மாள் இரண்டு முறை அவள் முதுகைத் தடவி, "அழுதுரு பிள்ள, உள்ள வச்சுக்கிடாத" என்றாள். மூன்றாவது முறை, "என்ன நெஞ்சழுத்தமோ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது ஜெமிமாவின் காதில் விழுந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை என்பதல்ல. அதற்கு முன்னால் இன்னொன்று வந்து நின்றுகொண்டிருந்தது. அப்பாவின் குரலில் ஒரு வாக்கியம். காலையிலிருந்து அது அவள் காதை விட்டுப் போகவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் அதற்குள் கேட்டது. மின்விசிறி சுற்றினால் அதற்குள் கேட்டது.

ஒன்பது நாளைக்கு முந்தைய சங்கதி அது. ஜெமிமா ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், ஜப்பான்காரர்களின் அனிமே தொடர்களைப் பற்றித் தமிழில் பேசி யூடியூபில் போடுவாள். அந்த வாரம் எடுத்துக்கொண்டது போர்க் கதைகள். அவற்றில் வரும் சிப்பாய்கள் நிஜ மனிதர்களைப் போலத்தான் பயப்படுகிறார்களா, நிஜ மனிதர்களைப் போலத்தான் இழப்பைத் தாங்குகிறார்களா என்பது கேள்வி. வானத்தைப் பார்த்து அலறும் சிப்பாய்க்குப் பத்துக்கு ஏழு கொடுத்தாள். கை நடுங்கித் துப்பாக்கியைக் கீழே போட்டவனுக்கு ஒன்பது. மூன்றாவது ஒருவன் இருந்தான். குண்டு விழுந்து நண்பன் செத்துக் கிடக்கிறான். இவன் பக்கத்தில் உட்கார்ந்து, பிணத்தின் சட்டையில் அறுந்துபோன பட்டனை ஊசி நூலால் தைக்கிறான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இவனுக்கு அவள் ஒன்றுதான் கொடுத்தாள்.

"உயிர் நண்பன் செத்துக் கிடக்கான், இவரு டெய்லர் கடை தொறந்துட்டாரு. எந்த மனுசன்யா இப்படிச் செய்வான்?" என்று மைக்கில் சிரித்தாள்.

அவள் படம் பார்க்கும்போது அப்பாத்துரை சில சமயம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். பொம்மைப் படம் என்று கேலி செய்வாரே தவிர, போகமாட்டார். அன்றும் நின்றார். நின்றவர் சொன்னார்.

"அவன் சரியாத்தாம்மா செய்யுதான்."

ஜெமிமாவுக்குக் குஷியாகிவிட்டது. மைக்கை அவர் பக்கம் திருப்பினாள். "கேட்டியளா மக்களே, எங்க வீட்டு ஹவில்தார் தீர்ப்புச் சொல்லிட்டாவ! சரி, நீங்க என்னத்தப்பா தச்சீங்க? பட்டனா, ஜிப்பா?"

அவர் சாப்பாட்டு மேசைக்குப் போய் ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம் மட்டும் பதிவில் இருந்தது. அவள் அதையும் வெட்டாமல் போட்டாள். நாற்பத்தோராயிரம் பேர் பார்த்தார்கள். அங்கிளுக்குத் தனி சேனல் வேண்டும் என்று எழுதிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கவில்லை. கோபமா, வருத்தமா? கேட்க வேண்டும் என்று முதல் நான்கு நாட்கள் நினைத்தாள். பிறகு வேலை வந்தது, மறந்துவிட்டாள். இன்று விடிந்ததும் அவர் போய்விட்டார்.

அப்பா எதையோ சொல்ல வந்தார், நான் நாலு பேர் அவரைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டேன். காலை ஐந்தரைக்கு, ஆம்புலன்ஸ்காரர் கையை விரித்த அந்த நேரத்திலேயே அவளுக்கு இது தெரிந்துவிட்டது. போனை எடுத்து வீடியோவை அழிக்கப் போனாள். அழித்தால் அவர் குரலும் போய்விடுமே என்று விரல் நின்றுவிட்டது.

மதியம் வள்ளியூரிலிருந்து அண்ணன் ஷிபின் வந்து சேர்ந்தான். பெட்டியின் மேல் விழுந்து கதறினான். ஜெமிமாவுக்குப் பொறாமையாக இருந்தது. அழுது ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தேய்க்க ஆரம்பித்தான்.

"எந்த வீடியோவுலயும் அப்பா பேசவே இல்ல. கல்யாண வீடியோவுலகூட வாயத் தொறக்கல. இது ஒண்ணுலதான் இருக்கு," என்று சொல்லி, சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

அவன் சரியாத்தாம்மா செய்யுதான்.

பந்தலில் பேச்சு நின்றது. குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தவர் குரல் பெட்டிக்கு வெளியே கேட்டது. அதன் மேலேயே ஜெமிமாவின் சிரிப்பு வந்தது. நீங்க என்னத்தப்பா தச்சீங்க? சாரம்மாள் அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். ஷிபின் மறுபடி வைத்தான். மறுபடியும் குரல், மறுபடியும் அந்தச் சிரிப்பு.

"அண்ணே, போதும். நிறுத்து."

"அப்பா குரலுடீ!"

"நிறுத்துன்னா நிறுத்து!"

அவள் கத்தியதில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் குளிர்பெட்டியின் கால்மாட்டில் நின்றவரை அவள் கவனித்தாள். தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்த ஒல்லியான மனிதர், மேலப்பாளையத்து யஹ்யா. அப்பாவோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு வந்து கேக் வாங்கிக்கொண்டு போவார், ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்து அனுப்புவார். எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண்ணாடி வழியாகக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்ஸ் யாரும்மா மாட்டுனது?"

"நான்தான் மாமா."

"நேரா மாட்டிருக்கியே."

யஹ்யா பந்தலைவிட்டு இறங்கி, சந்தோரம் வைத்திருந்த தண்ணீர் டிரம் பக்கம் போய் நின்றார். ஜெமிமா பின்னாலேயே போனாள்.

"துரை எதச் சரின்னு சொன்னான்? என்ன படம் அது?"

அவள் சொன்னாள். பட்டன், ஊசி, செத்த நண்பன். தான் போட்ட மார்க்கையும் ஒளிக்காமல் சொன்னாள். யஹ்யா ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"மலைமேல ஒரு போஸ்ட்ல கெடந்தோம். எங்கயும் பனி. கூட ஆழ்வார்திருநகரிக்காரன் ஒருத்தன், கோமுன்னு பேரு. துரைக்கு அவன்னா உசுரு. ஒரு நா காலைல ஷெல் விழுந்து கோமு போயிட்டான். கீழ எறக்குததுக்கு ஆள் வர மூணு மணி நேரம் ஆச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், மூலைல உக்காந்து கால்சட்டைய நனைச்சிட்டேன். எம் பொஞ்சாதிக்குக்கூடத் தெரியாது இது."

"அப்பா?"

"அவன் கோமு பூட்ஸக் கழத்துனான். சாக்ஸ் ஈரமா இருந்துச்சு. தன் பையில இருந்து காஞ்ச ஜோடிய எடுத்தான். தையல வெளிய திருப்பி, சுருக்கமில்லாம தடவித் தடவி, பையப் பைய மாட்டுனான். அங்கன நாங்க எல்லாரும் அப்படித்தான் போடுவோம். பூட்ஸுக்குள்ள தையல் உரசுனா கொப்புளம் வரும், அந்தக் குளிர்ல கொப்புளம் வந்தா வெரலே போயிரும். ஏலே, செத்தவனுக்கு என்னலே கொப்புளம்னு நான் கத்துதேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல."

யஹ்யா தண்ணீரைக் கீழே ஊற்றினார்.

"'ரொம்ப தூரம் போணும்லா'ன்னான். அவ்வளவுதான்."

சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அழுதாவளா மாமா?"

"நான் பாக்கல. ஊருக்கு வந்தப்பறம் நாங்கள்லாம் நேராப் போட ஆரம்பிச்சிட்டோம். அவன் மட்டும் விடல."

"நான் சிரிச்சதுல எம்மேல கோவமா இருந்திருப்பாவளோ?"

இல்லை என்று அவர் சொல்லிவிடுவார் என அவள் எதிர்பார்த்தாள். துட்டி வீட்டில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். யஹ்யா சொல்லவில்லை.

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? கோமு போனதப் பத்தி முப்பத்தி ரெண்டு வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல அவன். ஒங்கிட்டதான் பேசிருக்கான்."

ஜெமிமா டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் அது சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

நான்கு மணிக்குக் குருவானவர் வந்தார். குளிர்பெட்டியிலிருந்து தூக்கிச் சவப்பெட்டியில் வைத்தார்கள். கோட்டும் கையுறையுமாக அப்பாத்துரை, யாருடைய கல்யாணத்துக்கோ கட்டாயப்படுத்திக் கிளப்பியவர் மாதிரி கிடந்தார். வாசிப்பு முடிந்தது, ஜெபம் முடிந்தது.

"முகம் பாக்கவங்க கடைசியா பாத்துக்கிடுங்க," என்றார் குருவானவர். ஆட்கள் ஒவ்வொருவராகத் தலைமாட்டுப் பக்கம் வந்து நகர்ந்தார்கள். மூடியைத் தூக்க நான்கு பேர் தயாரானார்கள்.

"ஒரு நிமிசம் ஐயா," என்றாள் ஜெமிமா.

கால்மாட்டுக்குப் போனாள். குனிந்து, இடது காலின் சாக்ஸைக் கழற்றினாள்.

"ஏட்டி, கூறு கெட்டுப் போச்சா? பெட்டிய மூடுத நேரத்துல..." சாரம்மாளின் குரல் உயர்ந்தது. ஷிபின் பக்கத்தில் வந்து, "ஜெமி, எல்லாரும் பாக்காவ" என்று முணுமுணுத்தான். அவள் நிமிரவில்லை. துணிக்குள் கையை விட்டுத் திருப்பினாள். விரல்களுக்கு மேல் வைத்து, சுருக்கத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவி ஏற்றினாள். காலையில் பிடிவாதம் பிடித்த குதிகால் இப்போதும் பிடிவாதம் பிடித்தது. அவள் அவசரப்படவில்லை. யஹ்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடது கால் முடிந்தது. தையல் கோணலில்லாமல் விரல் நுனியோரம் வெளியே ஓடியது.

காலையிலிருந்து தலைமாட்டில் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த சாலோமி எழுந்தாள். நடந்து கால்மாட்டுக்கு வந்தாள். எதையோ பிடுங்கப் போகிறாள் என்று நினைத்து ஜெமிமா கையை விலக்கிக்கொண்டாள். சாலோமி வலது காலின் சாக்ஸை உருவினாள். முப்பது வருடமாக நேராக்கியே பழகிய கை, ஒரு கணம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தயங்கியது. பிறகு உட்பக்கத்தை வெளியே எடுத்தது. உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். முனையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பல்லால் கடித்து அறுத்தாள். நூலை வாயிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு, வலது காலைத் தூக்கினாள்.