கடிக்கிற ஊஞ்சல்

ஐந்து நாளாகக் காலை வேளைகளில் பாலர் பள்ளியின் சோலார் இன்வெர்ட்டரில் கோளாறு என்று சிவப்பு விளக்கு எரிந்தது. வாட்ச்மேன் அணைத்துப் போடுவார். மறுபடி சிவப்பு. வெயில் ஏறி மண் காய்ந்ததும் தானாகப் பச்சைக்கு மாறிவிடும். ஆறாம் நாள், விடிய விடியப் பெய்த மழை ஓய்ந்த காலையில், பச்சை வரவே இல்லை. அப்புறம்தான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்தபின் கொழுந்தனைச் சேர்த்துக்கொண்டு தொழிலை விடாமல் நடத்திவந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் இந்த வேலையைச் செய்ததும் அவளும் கணவரும்தான். மைதானத்தின் கோடியில் சோலார் பேனல்கள், அங்கிருந்து கட்டடம் வரை மண்ணுக்குள் பைப், பைப்புக்குள் வயர்.

இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு, பேனல் அடியில் இருக்கும் சுவிட்சை அணைக்கச் சொல்லிக் கொழுந்தனை அனுப்பினாள்.

"அதான் அணைச்சாச்சே, எதுக்கு இன்னொண்ணு?" என்றார் வாட்ச்மேன்.

"இந்தப் பக்கம்தான் அணைஞ்சிருக்கு. வெளிச்சம் இருக்கிறவரைக்கும் பேனல் கரண்ட் குடுத்துக்கிட்டேதான் இருக்கும். மண்ணுக்குள்ள வயர் இன்னும் உயிரோட இருக்கு."

பைப் போன வழியே நடந்தாள். மைதானத்தின் நடுவில் நின்றுவிட்டாள். அங்கே ஓர் இரும்பு ஊஞ்சல். அதன் ஒரு கால், பைப் போகும் இடத்திலேயே இறங்கியிருந்தது.

"இது எப்போ வந்துச்சு?"

"லீவுல போட்டாங்க. ஸ்கூல் திறந்ததுலேர்ந்து புள்ளைங்க இத விட்டு நகர மாட்டேங்குது."

மீட்டரின் ஒரு முனையை ஊஞ்சல் காலில் வைத்தாள், மறுமுனையை ஈர மண்ணில் குத்தினாள். முந்நூற்றுப் பத்து வோல்ட். மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தாள். அதே முந்நூற்றுப் பத்து. பேனல் இருந்த கோடியைப் பார்த்துக் கத்தினாள்.

"தம்பி! அணைச்சியா இல்லையா?"

"கைப்பிடி துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு, அண்ணி!" என்று அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது.

அந்த நேரம் பார்த்து இடைவேளை மணி அடித்தது.

கதவு திறந்தது. செருப்பை வகுப்பு வாசலிலேயே விட்டுவிட்டு, சேற்றைத் தெறித்துக்கொண்டு பிள்ளைகள் ஊஞ்சலை நோக்கி ஓடிவந்தார்கள். அவள் கைகளை விரித்துக் கத்தினாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி இரண்டு பக்கமும் பிரிந்து ஓடினார்கள். வாட்ச்மேன் அகப்பட்டவர்களை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவள் இரண்டு பேரை மறித்துத் தள்ளினாள். ஒரே ஒரு சிறுமி மட்டும் ஊஞ்சலுக்கு ஒரு முழம் தள்ளித் தானாகவே நின்றாள்.

"தொடாதே கண்ணு!"

"தெரியும் அக்கா. அது கடிக்கும்" என்றாள் சிறுமி, பூனையைப் பற்றிச் சொல்வதுபோல. "மழை பெஞ்சா நிறைய கடிக்கும்."

அந்தக் கோடியில் சுத்தியல் விழும் சத்தம். ஒரு முறை, இரண்டு முறை. பிறகு, "அணைஞ்சிருச்சு அண்ணி!"

மீட்டரில் எண் இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகள் உள்ளே போனதும் தோண்டினார்கள். ரொம்பத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டரை அடி ஆழத்தில் இருக்கவேண்டிய பைப் ஒரு சாண் ஆழத்திலேயே தட்டுப்பட்டது. அதற்குக் கீழே பாறை. ஊஞ்சல் கால் பைப்பைப் பிளந்து ஒரு வயரை நசுக்கியிருந்தது. பைப் முழுக்கத் தண்ணீர். இன்னொரு வயர் அதில் ஊறித் தோல் உரிந்து கிடந்தது.

கொழுந்தன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, மூச்சுக் காட்டாம இத எடுத்துட்டு ஆழமா புதுசு போட்டுருவோம். ஊஞ்சல் போட்டவன் குத்திட்டான்னு சொன்னா முடிஞ்சுது. செத்துப்போன மனுஷன் பேரை எதுக்கு இழுக்கணும்?"

"பாறை வந்துச்சு. உங்க அண்ணன் 'இவ்வளவு போதும்'னாரு. மேல மண்ணை அள்ளிப் போட்டது நான்தான் தம்பி."

கையைக்கூடக் கழுவாமல் தலைமையாசிரியை அறைக்குப் போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். அந்த அம்மா மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தப் பொண்ணு மூணு நாளா ஊஞ்சல் கடிக்குது, கடிக்குதுன்னு வந்து சொன்னா. நாங்க எல்லாரும் சிரிச்சோம்." நிமிர்ந்தார். "வேற எங்கயாவது இப்படிப் போட்டிருக்கீங்களா?"

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அதே வருடம், இதே மாதிரிப் பாறை மண்ணில், ஒரு முதியோர் இல்லத்தின் தோட்டத்திலும் அவளும் கணவரும் இப்படியே மேலாகப் பைப் போட்டிருந்தார்கள்.

பள்ளியின் வயரை இரண்டு முனையிலும் கழற்றி உருவிப் போட்டார்கள். நாளைக்கு வந்து சுவர் ஓரமாக ஆழமாகத் தோண்டிப் புது வயர் போடுவதாகச் சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினாள். மறுபடியும் தூறல் ஆரம்பித்திருந்தது. கொழுந்தன் முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேங்கறாங்க, அண்ணி."

"திரும்பப் போடு" என்று வேனைக் கிளப்பினாள்.