பாத்ரூம் போகட்டுமா, மிஸ்?

நர்ஸம்மாவுக்கு மைக் தேவையில்லை. ஊசியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளைகளை அதட்டி அதட்டித் தேறிய குரல் அது. கிளினிக்கிலிருந்து முதலுதவி சொல்லிக்கொடுக்க வந்து நான்காம் வகுப்பில் அவர் வாயைத் திறந்ததும், கடைசி பெஞ்சில் ஒருவனையொருவன் கிள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"ஆஸ்துமா வந்தா மூச்சுக்குழாய் சுருங்கிடும். பக்கத்துல இருக்கிற நீங்க என்ன செய்யணும்?"

"தண்ணி தெளிக்கணும்!"

"படுக்க வைக்கணும்!"

"படுக்கவே வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைங்க. காலர் பட்டனைக் கழட்டி விடுங்க. பயப்படாதேன்னு சொல்லுங்க. அவங்க இன்ஹேலரை எடுத்துக் கொடுங்க. ஒருத்தர் ஓடிப்போய் டீச்சரைக் கூட்டிட்டு வரணும், இன்னொருத்தர் கூடவே இருக்கணும். என்ன ஆனாலும் தனியா மட்டும் விடக் கூடாது. என்ன?"

"தனியா விடக் கூடாது!" வகுப்பே அலறியது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவருடைய மகளும் சேர்ந்து அலறினாள். அவளுக்கு ஆஸ்துமா உண்டு. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் அம்மாவும் மகளும் மட்டும்தான்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது, பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இல்லை. குழந்தைக்கு முதல் தடவை இழுப்பு வந்தபோது பார்க்க வந்த நாத்தனார், "எங்க பக்கம் யாருக்கும் இந்தச் சீக்கு கிடையாதே, அண்ணி" என்று ஒரு வார்த்தை விட்டுப் போனாள். அன்றோடு அந்த வீட்டில் ஆஸ்துமா ஒழிந்தது. நோய் அல்ல, பெயர். யார் கேட்டாலும் சளி. பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது கணவரிடம் சொன்ன காரணம். நர்ஸ் பெற்ற பிள்ளைக்கே சீக்கா என்று கிளினிக்கில் சிரிப்பார்கள் என்பது, மகள் ஏன் ஏன் என்று உயிரை வாங்கியபோது அவளிடம் சொன்ன காரணம். இன்ஹேலரைப் பழைய சாக்ஸ் ஒன்றில் போட்டு, விழாமல் இருக்க வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்து அனுப்புவார். "முடியலன்னா பாத்ரூம் போகணும்னு கேட்டுட்டுப் போய் அடிச்சுக்கோ. யார் கண்ணுலயும் பட வேண்டாம்."

"இங்க யாருக்காவது ஆஸ்துமா இருக்கா?" வாய் தவறித்தான் கேட்டுவிட்டார். ஒரு கையும் எழவில்லை. மகள் அம்மாவை நேராகப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். சமர்த்து என்று நினைத்துக்கொண்டார் நர்ஸம்மா. அப்படி நினைத்ததற்காகவே பிற்பாடு அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்து நடித்துக் காட்டும் கட்டம். நோயாளியாக இருக்க அடிதடியே நடந்தது. வென்றவன் மூச்சு வாங்குகிறேன் என்று மாடு மாதிரிக் கத்தினான். இன்ஹேலருக்கு எதுவும் கிடைக்காமல், அவன் கூட்டாளி கரும்பலகை டஸ்டரை எடுத்து அவன் வாய்க்கு நேரே தட்டினான். சாக்பீஸ் தூள் புகையாக எழுந்து ஜன்னல் பக்கம் போனது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மகள் மட்டும் இருமினாள்.

இருமல் நிற்கவில்லை. தோள் இரண்டும் மேலே ஏறி இறங்குவதை நர்ஸம்மா பார்த்தார். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் ஒரே எட்டில் போய்ப் பிடித்திருப்பார்.

மகள் எழுந்தாள். "பாத்ரூம் போகட்டுமா, மிஸ்?"

"போயிட்டுச் சீக்கிரம் வா."

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைக்காரி எழுந்துவிட்டாள். ஓயாமல் பேசுவதால் வகுப்பு அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தது.

"மிஸ், அவ எப்பவும் இப்படித்தான். மூச்சு விசில் மாதிரி வரும், உடனே பாத்ரூம் போயிடுவா. கேட்டா சளிம்பா. ஆனா நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. தனியா விடலாமா, மிஸ்?"

அத்தனை கண்களும் நர்ஸம்மா மேல் திரும்பின. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"அது சளிதாம்மா. உட்காரு."

ரேடியோ உட்காரவில்லை. ஒருத்தனைத் தலைமையாசிரியையிடம் விரட்டிவிட்டு வராந்தாவில் ஓடினாள். பின்னாலேயே பாதி வகுப்பு ஓடியது. கடைசியாகத்தான் அம்மா ஓடினார்.

மகள் ஈரத்தரையில் சுவரோடு சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. கையில் சாக்ஸ் இருந்தது. நடுங்கும் விரல்களுக்கு முடிச்சு அவிழவில்லை. "நிமிர்ந்து உட்காருடி, பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டே ரேடியோ அவள் காலர் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. நர்ஸம்மா சாக்ஸைப் பிடுங்கி, பல்லால் கடித்து முடிச்சை இழுத்து, இன்ஹேலரை மகளின் வாயருகே கொண்டுபோனார். அவள் வாயை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"எல்லாரும்... பாக்கிறாங்கம்மா."

"பாக்கட்டும்டி. வாயைத் திற, என் கண்ணு, திற."

மருந்து உள்ளே போனது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, பிறகு இன்னொரு தடவை. விசில் மெல்லத் தணிந்து, உதட்டில் நிறம் திரும்பியது. நர்ஸம்மா இதுவரை எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைச் செய்திருக்கிறார். நாலு பேர் பார்க்கத் தன் மகளுக்குச் செய்தது இன்றுதான்.

தலைமையாசிரியை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஆஸ்துமாவா? எங்ககிட்ட யாருமே சொல்லலையே?"

நர்ஸம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "நான்தான் மிஸ் ஒளிச்சு வச்சேன். அம்மாவுக்குத் தெரியாது." அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"பரவாயில்லை, நர்ஸம்மா. பிள்ளைங்க சில சமயம் நம்மகிட்டயே மறைச்சிடுதுங்க" என்றார் தலைமையாசிரியை, ஆறுதலாக.

நர்ஸம்மாவின் தலை ஆமாம் என்று ஆடத் தொடங்கியது. தன் தலை தானாக ஆடுவதை உணர்ந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போனது.

"இல்ல, மேடம். பொய் சொல்றா. நான் சொல்லிக்கொடுத்த பொய். எனக்கு வெட்கமா இருந்துச்சு, அதான் மறைக்கச் சொன்னேன்."

மகள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லாதேம்மா. உன்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

வாசலில் முண்டிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்துத் தொலைத்தால் தேவலை என்று இருந்தது நர்ஸம்மாவுக்கு.