முப்பத்தாறு வீடுகளும் ஒன்பதாம் விதியும்

வெர்னா டாலிவர் தன் கதையைப் பதினோரு தடவை மேடையேறிச் சொல்லியிருந்தாள். லூத்தரன் சபையில் நான்கு, யூத ஆலயத்தில் மூன்று, பள்ளிவாசலின் கீழ்த்தளத்தில் இரண்டு, நகரசபையில் இரண்டு. எந்த இடத்தில் முன்வரிசைக்காரர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. கணவன் ராய் இறந்ததைச் சொல்லும்போது எடுக்க மாட்டார்கள். அது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பதினான்கு வருஷம் குடியிருந்த வீட்டை வெளியூர் ஆள் எவனோ வாங்கி, ஒரே கடிதத்தில் வாடகையை இரண்டு மடங்காக்கியதைச் சொல்லும்போதும் தலையை மட்டும் ஆட்டுவார்கள். விடிகாலையில் சபையின் கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு அவள் பள்ளிப் பேருந்து ஓட்டப் போவதையும், ஏறுகிற பிள்ளைகள் எல்லாம் "குட்மார்னிங் மிஸ் வெர்னா" என்பதையும், அவள் வேனில் தூங்கி எழுந்து வந்தவள் என்பது அதில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது என்பதையும் சொன்னால் போதும், கைக்குட்டைகள் கிளம்பிவிடும்.

ஐம்பத்தேழு வயதில் இப்படி ஒரு கலையில் தேர்ச்சி பெறுவோம் என்று அவள் நினைத்ததில்லை. ஆனால் பலன் இருந்தது. மேப்பிள் ஃபோர்டு மாதிரி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில் மூன்று மதத்துக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, லூத்தரன் சபையின் கார் நிறுத்துமிடத்தில், எளிய வாடகையில் முப்பத்தாறு வீடு கட்டத் துணிந்தார்கள் என்றால் அதில் வெர்னாவின் தொண்டைக்கும் பங்கு உண்டு. நகரசபையில் அக்கம்பக்கத்தார், "நாங்க ஒண்ணும் ஏழைங்களுக்கு எதிரி இல்ல, ஆனா நாங்க காரை எங்க நிறுத்தறது?" என்று வரிசையாக வந்து கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அவள் எழுந்து மூன்று நிமிஷம் பேசினாள். நான்குக்கு மூன்று என்று தீர்மானம் நிறைவேறியது. லூத்தரன் சபையின் பெண் போதகர் பாஸ்டர் லினியா அன்றைக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நிறுத்துமிடத்தில்தான் வெர்னாவின் வேன் நின்றது. சபைச் சமையலறையிலிருந்து ஓர் ஆரஞ்சு நிற மின்கம்பியை ஜன்னல் வழியாக இழுத்து, வேனுக்குள் ஒரு குட்டி ஹீட்டருக்குக் கொடுத்திருந்தார்கள். பள்ளம் தோண்ட இயந்திரம் வந்த அன்று முதலில் காலி செய்யச் சொன்னது அவளைத்தான். வீடில்லாதவர்களுக்கு வீடு கட்ட வேண்டும், அதனால் வீடில்லாதவர்கள் கொஞ்சம் தள்ளிக்கொள்ள வேண்டும். அவள் வேனை யூத ஆலயத்தின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே கூரை வேலை வந்ததும் பள்ளிவாசலுக்குப் போனாள். வேலை முடியும் தறுவாயில் சபைச் சுவரோரம் மிச்சமிருந்த இடத்துக்கே திரும்பி வந்தாள். குளியல் பள்ளிவாசலில், வியாழக்கிழமைச் சாப்பாடு யூத ஆலயத்தில், தபால் லூத்தரன் சபை முகவரிக்கு. இப்படியே நான்கு வருஷம் ஓடியது.

நவம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை மதியம், சபைச் செயலாளர் அவளிடம் ஒரு உறையைக் கொடுத்தார். வீட்டு விண்ணப்பத்துக்கு வந்த பதில். முதல் கட்டமாக இருபத்துநான்கு வீடுகளுக்குச் சனிக்கிழமை குலுக்கல். அதில் தன் பெயருக்கு என்ன எண் என்று பார்க்கத்தான் அவள் பிரித்தாள். எண் எதுவும் இல்லை. ஒன்பதாம் விதியின்படி தாங்கள் தகுதியற்றவர், வருந்துகிறோம் என்று இரண்டே வரி.

புதன்கிழமை மதியம் என்றால் வீட்டுத் திட்டக் குழுவின் கூட்டம். அந்தக் குழுவில் வெர்னாவுக்கும் ஒரு நாற்காலி உண்டு, அனுபவப்பட்டவர் என்ற முறையில். அவள் உள்ளே போனபோது மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைத் திறப்பு விழாவுக்கு எத்தனை டஜன் பிஸ்கட் வேண்டும் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் லினியா காபி ஊற்றிக்கொண்டிருந்தார். யூத ஆலயத்தின் சார்பில் வந்த இர்விங் பெர்ல்மட்டர், ஓய்வுபெற்ற வக்கீல், சட்டைப்பையில் நான்கு பேனா வைத்திருப்பவர். பள்ளிவாசலின் சார்பில் அம்ரா. பெரிய கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் போஸ்னியப் பெண், மதிய இடைவேளையில் வெள்ளைக் கோட்டோடு ஓடி வருபவள்.

வெர்னா கடிதத்தை பிஸ்கட் தட்டின்மேல் போட்டாள்.

பாஸ்டர் எடுத்துப் படித்தார். "தப்பா வந்திருக்கும் வெர்னா. கம்ப்யூட்டர்ல ஏதோ..."

"பேரு சரியா இருக்கு. முகவரியும் சரியா இருக்கு, உங்க முகவரி."

இர்விங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதத்தைக் கையால்கூடத் தொடாமல் ஒரு வக்கீல் கண்ணாடியைத் துடைக்கிறார் என்றால் அவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். கோப்பைப் புரட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "விண்ணப்ப நாளுக்கு முந்தைய தொண்ணூறு நாட்களில் உறுப்புச் சபைகளில் தங்கியவர், பணி செய்தவர், குழுவில் இருந்தவர், அவற்றிடம் உணவு, குளியல், அஞ்சல் முகவரி முதலான எந்த உதவியும் பெற்றவர், யாராயினும் தகுதியற்றவர்."

"இத எழுதின மகராசன் யாரு?"

"நான்தான்," என்றார் இர்விங். "உங்களுக்கு எதிரா இல்ல. பொதுவா. நாளைக்கு எவனாவது, அவங்கவங்க ஆளுக்கு அவங்கவங்களே வீடு குடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லிடக் கூடாதுல்ல? நிலம் லூத்தரன்களோடது. நன்கொடை பாதிக்கு மேல எங்க ஆளுங்க திரட்டினது. பள்ளிவாசல்காரங்க ஊருக்குப் புதுசு, அவங்களுக்கு மனசுல ஒரு குறை இருக்கக் கூடாதேன்னு அவங்களுக்காகத்தான்..."

"எங்களுக்காகவா?" அம்ரா காபியைக் கீழே வைத்தாள். "நாங்க எதையுமே கேக்கலையே! உங்க ரெண்டு பேருக்கும் இது முக்கியம்போலன்னு நெனச்சுத்தான் நான் சரின்னேன். நம்ம ஆளுங்களுக்கே இல்லாம எதுக்குக் கையெழுத்துப் போட்டேன்னு எங்க ஆளுங்க என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க."

இருவரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். பாஸ்டரின் முகம் காது வரை சிவந்துவிட்டது. "இர்விங் ராப்பகலா உக்காந்து எழுதியிருந்தார். வேணாம்னு சொன்னா அவர் மனசு கஷ்டப்படுமேன்னு..."

வெர்னாவுக்குச் சிரிப்புதான் வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"ஆக, இது யாருக்குமே வேண்டாத விதி. மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணிக்கிட்டீங்க, நான் நடுத்தெருவுல நிக்கிறேன். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. வீடில்லாதவங்கன்னு எழுதினப்போ யாரை நெனச்சு எழுதினீங்க? நான் இங்கதான உக்காந்திருந்தேன்? பக்கத்து நாற்காலியில?"

"மூணு இல்ல, நாலு பேர், வெர்னா," என்றார் இர்விங் தாழ்ந்த குரலில். "நீங்களும் கை தூக்கினீங்க. குறிப்புல இருக்கு."

அது உண்மைதான். வெர்னாவுக்கு இப்போது நினைவு வந்தது. அன்றைக்கு மணி இரண்டு பத்து. இரண்டரைக்குப் பேருந்தை எடுத்தாக வேண்டும். பதினேழு விதிகளையும் இர்விங் ஒரே மூச்சில் வாசித்தார். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று அவள் கையைத் தூக்கினாள், அதுவும் எல்லாருக்கும் முன்னால். இத்தனை ஜாக்கிரதைக்காரர்கள் எழுதியதில் தனக்கு என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நினைத்தபோது அவளுக்கு மற்ற மூன்று பேரைவிடத் தன்மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"மாத்திடலாம்," என்றாள் அம்ரா. "இப்பவே கை தூக்குவோம்."

"முடியாது," என்றார் இர்விங். "மூணு சபையோட நிர்வாகமும் ஒத்துக்கணும். அப்புறம் மாநில அலுவலகம். போன தடவை ஒரு வரி மாத்தறதுக்குப் பதினாலு மாசம் ஆச்சு."

"அப்ப உதவி எதுவும் வாங்கலைன்னு எழுதிக் குடுங்க வெர்னா," என்றாள் அம்ரா. " யார் வந்து பாக்கப்போறாங்க?"

"நான் அரசாங்கத்துக்குப் பொய்க் கையெழுத்துப் போடணும், நீங்க மூணு பேரும் நல்லவங்களா இருப்பீங்க. அப்படித்தான?"

பாஸ்டர் இரண்டு கையையும் மேசைமேல் விரித்தார். "ஒரு துணைக்குழு போடுவோம். இத மட்டும் ஆராயறதுக்கு." சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. இர்விங் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு பாஸ்டர் மெல்ல, "ஞாயித்துக்கிழமை நீங்க பேசறதா அழைப்பிதழ்ல அச்சடிச்சிட்டோம்..." என்றார்.

வெர்னா இர்விங்கின் கையிலிருந்த தாளை வாங்கி, எழுத்துக்கூட்டுபவள்போல நிதானமாக ஒருமுறை படித்தாள்.

"ரெண்டாவது கட்டத்துக்கு விண்ணப்பம் எப்போ?"

"மார்ச் ஒண்ணு. பன்னெண்டு வீடு."

"டிசம்பர் ஒண்ணுலேர்ந்து எண்ணினா தொண்ணூறு நாள் சரியா வருது. அதுவரைக்கும் உங்க யாரையும் எனக்குத் தெரியாதுன்னு இருந்தா என் பேரைப் போடலாம்."

"குலுக்கல்ல போடலாம்," என்று திருத்தினார் இர்விங். "கிடைச்சுடும்னு சொல்ல முடியாது."

"வக்கீல் ஐயாவுக்கு இந்த நேரத்துலயும் ஒரு சொல் கூடக் குறையக் கூடாது."

"பனிக்காலம், வெர்னா," என்றார் பாஸ்டர். "மைனஸ் இருபது போகும். அந்த ஹீட்டர்க் கம்பி இல்லாம வேன்ல எப்படி..."

"அதை விதியில எழுதலையே."

சனிக்கிழமையே அவள் கம்பியைச் சுருட்டிச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டாள். குழுவிலிருந்து விலகுவதாக ஒரு வரி எழுதித் தந்தாள். தபால்களை இனி நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகத் தபால் நிலையத்தில் சொல்லி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குப் போகவில்லை. நூலகத்தில் கிடந்த உள்ளூர்ப் பத்திரிகையில்தான் பார்த்தாள். ரிப்பன் வெட்டும் படம். அவள் பேச வேண்டிய நேரத்தில் பாஸ்டர் அவள் கதையைத் தாளிலிருந்து வாசித்தாராம். பலர் கண்ணீர் விட்டார்கள் என்று போட்டிருந்தது. எந்த இடத்தில் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வெர்னா அந்த ஊரிலேயே அந்நியப் பெண் ஆனாள். ஒரே தெருவில் இரண்டு நாளுக்குமேல் நிறுத்தினால் போலீஸ் தட்டும், அதனால் நூலகத்துக்குப் பின்னாலும் தானியக் கிடங்கின் ஓரத்திலும் மாறி மாறி நிறுத்தினாள். லாரிக்காரர்கள் குளிக்கும் இடத்தில் காசு கொடுத்துக் குளித்தாள், வாரத்துக்கு ஒரு தடவை. வேனின் கண்ணாடிகளில் உள்பக்கமே பனி கட்டியது. ஜனவரியில் பிடித்த இருமல் விடவில்லை. மருந்து வாங்க அம்ராவின் கடைக்குப் போகாமல் அடுத்த ஊருக்குப் போனாள். கடையில் காசு கொடுத்து வாங்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனால் அம்ரா காசு வாங்க மாட்டாள், அதுதான் பயம். இதைவிடக் கொடுமை, புதன்கிழமை மதியங்கள். பேருந்தின் இரண்டு வேளைக்கும் நடுவில் இருக்கும் அந்த நேரத்தில் காலும் கையும் தாமாகச் சபைப் பக்கம் இழுத்தன. எரிச்சல் மூட்டும் ஆட்கள்தான். ஆனாலும் இந்த ஊரில் அவளுக்கு இருந்த மனிதர்கள் அவர்கள் மட்டும்தான்.

பிப்ரவரி ஆறாம் தேதி, அறுபத்தெட்டாவது நாள். நூலகத்துக்குப் பின்னால் நிறுத்தி, போர்வைக்குள் சுருண்டு, காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். போலீஸ் என்று நினைத்துப் பனியைச் சுரண்டிப் பார்த்தாள். பாஸ்டர் லினியா, மூக்கெல்லாம் சிவந்து, கையில் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கோடு நின்றார்.

"வெர்னா, நான்தான். கதவைத் தெறங்க. பட்டாணி சூப்பு, சூடா இருக்கு."

வெர்னா கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள். "யாரும்மா நீங்க?"

பாஸ்டர் சிரித்தார். "வெளையாடாதீங்க. ஆறிடப் போகுது."

"ஆள் மாறி வந்துட்டீங்க போல. நான் உங்களப் பாத்ததே இல்ல."

பாஸ்டரின் சிரிப்பு நின்றது. ஃபிளாஸ்க்கின் மூடியை அவர் ஏற்கனவே திறந்திருந்தார். ஆவி இடைவெளி வழியாக உள்ளே வந்தது. வெர்னா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு கிண்ணம் சூப்புதான, வெர்னா. யாருக்குத் தெரியப்போகுது?"

"மார்ச் ஒண்ணாந்தேதி நான் கையெழுத்துப் போடணும். எனக்குத் தெரியும்ல."

"துணைக்குழு ரெண்டு தடவை கூடியாச்சு. இர்விங் மாநிலத்துக்கு மூணு கடிதம் எழுதிட்டார். நாங்க எல்லாரும் உங்களுக்காக..." வெர்னா இருமினாள், பாஸ்டர் பேச்சைப் பாதியில் விட்டார். "இருமறீங்க. செத்துடுவீங்க வெர்னா. நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்க!"

எதையாவது செய்ய வேண்டியபோது செய்திருக்க வேண்டும் என்று வெர்னாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. தெரிந்தவரிடம்தானே அப்படிச் சொல்ல முடியும்.

"எனக்கு உங்களைத் தெரியாதும்மா," என்றாள். "போங்க."

பாஸ்டர் ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனியில் நடந்து போனார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் நூலக முனையில் திரும்பி மறையும்வரை வெர்னா முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, ராய் போனபோதுகூட அழாத அழுகையை அழுதாள்.